கருமருந்து மண்ணில் காற்றுத் துப்பாக்கி

பார்வைக்குப் பட்டாளத்து ரைபிள். தூக்கினால் நாலு கிலோவை ஒட்டிய கனம். அதைத் தோளில் ஏற்றியதும் மாணவனின் முகத்தில் தானாகவே ஒரு மிடுக்கு வந்துவிடும். விசையை இழுத்தால் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். தோளில் உதைகூட இருக்காது. கல்லூரியில் என்.சி.சி. சட்டை போட்ட பழைய தலைமுறைக்கு இந்த ஏமாற்றம் நன்றாக நினைவிருக்கும்.

அந்த ரைபிளின் பெயர் .22 நம்பர் 2 மார்க் 4. இரண்டு உலகப் போர்களில் சுட்ட .303 லீ என்ஃபீல்டின் உடம்பில் .22 குழலைப் பொருத்தி உண்டாக்கிய ரகம். அடியில் பத்துத் தோட்டா பிடிக்கும் பெட்டி அப்படியே தொங்கும். ஆனால் அதிலிருந்து தோட்டா மேலே ஏறாது. ஒவ்வொன்றாகக் கையால் வைத்துத்தான் சுடவேண்டும். சுட்டு முடித்த காலி உறைகள் வந்து விழுவதற்கு மட்டும் அந்தப் பெட்டி பயன்பட்டது. அந்த உறைகளை எண்ணி ஒப்படைக்காமல் யாரும் வீட்டுக்குப் போகமுடியாது. ஒன்று குறைந்தாலும் புல்லைக் கிளறித் தேடவேண்டும்.

விருதுநகரில் 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், சிவகாசியில் 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் வந்தன. வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பையன்களில் உண்மையான துப்பாக்கியைத் தொட்டவர்கள் பெரும்பாலும் கல்லூரிக்குப் போய் என்.சி.சி.யில் சேர்ந்துதான் தொட்டார்கள். குப்புறப் படுத்து, மூச்சை நிறுத்தி, இருபத்தைந்து கெஜத்தில் இருக்கும் அட்டையைப் பார்த்து ஐந்து ரவை சுட வேண்டும். ஐந்தும் எங்கே விழுந்தன என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதையே பார்ப்பார்கள். அதற்கு 'குரூப்பிங்' என்று பெயர்.

குழலை மாற்றியதற்குக் காரணம் காசு. .303 தோட்டாவின் ஈயத்தலை மட்டும் பதினொரு கிராமுக்கு மேல். .22இன் தலை மூன்று கிராம்கூட வராது. உள்ளே போகும் மருந்தும் மிகக் குறைவு. .303 சுடுவதற்கு ஊருக்கு வெளியே மலையடிவாரம் வேண்டும். .22க்கு மைதானத்தின் ஓரத்தில் நல்ல மண்மேடு போதும். கண்ணும் மூச்சும் விரலும் ஒன்றுசேரப் பழகுவதற்கு இரண்டுமே ஒன்றுதான். பெரிய தோட்டாவைப் பயிற்சியில் கரைப்பானேன் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

போட்டது பிரிட்டிஷ்காரன். 1880களிலேயே மாரிஸ் குழல் என்று ஒன்று அவனிடம் இருந்தது. மார்ட்டினி ஹென்றி ரைபிளின் பெரிய குழலுக்குள் மெல்லிய குழலைச் செருகி, சின்னத் தோட்டாவைச் சுட்டுப் பழகும் ஏற்பாடு. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் தென்னாப்பிரிக்கக் குடியானவர்கள் குறிபார்த்துச் சுட்டபோது, தன் சிப்பாய்களுக்குச் சுடவே தெரியவில்லை என்பது லண்டனுக்கு உறைத்தது. ஊர்தோறும் சின்ன ரைபிள் மன்றங்கள் வைத்து .22இல் குடிமக்களைப் பழக்கவேண்டும் என்று முன்னின்றவர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் இவர். தன் நாட்டுக் குமாஸ்தாவும் கொத்தனும் சுடப் பழகவேண்டும் என்று பிற்காலத்தில் பேசிய இவர், சென்னை மாகாணத்துக் குமாஸ்தாவுக்கும் கொத்தனுக்கும் அதைச் சிபாரிசு செய்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

இங்கே கதை நேர்மாறானது. அங்கே காலிபரை, அதாவது குழலின் உள்ளளவை, மாற்றியது சிக்கனத்துக்காக. இங்கே அதை மாற்றியது பயம்.

வெம்பக்கோட்டை வட்டத்தில் இன்று பட்டாசுக்குப் பேர்போன ஏழாயிரம்பண்ணை ஒரு காலத்தில் பாளையம். கட்டபொம்மன் பக்கம் நின்றது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணையும் பறிமுதலானது. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மேன் உத்தரவு போட்டான். 1801 பாளையக்காரர் போருக்குப் பிறகு அந்தப் பிடி இன்னும் இறுகியது. அதன்பின் 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு விலக்கு, இந்தியனுக்கு உரிமம்.

அந்தப் பயம் தோட்டாவின் அளவிலும் இறங்கியது. ராணுவம் சுடும் .303 தோட்டா இந்தியக் குடிமக்களின் துப்பாக்கியில் சேரக்கூடாது என்று தடை இருந்தது. ராணுவக் கிடங்கிலிருந்து திருட்டுத்தோட்டா வெளியே போனாலும் அதைச் சுட ஊரில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பதே கணக்கு. ஆகவே வேட்டைக்காரர்களுக்காக .315 என்று வேறொரு ரகத்தில் ரைபிள்கள் வந்தன. இந்திய ஆயுதத் தொழிற்சாலைகளின் .315 ரைபிள் இன்றைக்கும் உரிமம் உள்ளவர்கள் வாங்கும் துப்பாக்கி. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் பயந்து போட்ட அளவு போகவில்லை. போலீசுக்கும் சிறைக் காவலருக்கும் கொடுத்த ரைபிளையும் அவன் விட்டுவைக்கவில்லை. .303 குழலின் உள்வரிகளைக் கடைந்தெடுத்து வழவழப்பாக்கி, .410 மஸ்கட் ஆக்கிக் கொடுத்தான். பக்கத்தில் நிற்பவனைச் சுடலாம், தூரத்தில் இருப்பவனைக் குறிபார்க்க முடியாது. காவலுக்கு நிறுத்திய ஆளையே நம்பாத காவல்!

பிஸ்டல் பக்கம் வருவோம். அமெரிக்க ராணுவத்தின் .45 கோல்ட் பிஸ்டல் 1911இல் ஏற்கப்பட்டது. அதன் தோட்டா பெரியது, உதை பலமானது, பயிற்சிக்குக் கட்டுப்படியாகாதது. 1931இல் அதே உருவத்தில் .22 சுடும் 'ஏஸ்' பிஸ்டலை கோல்ட் கம்பெனி கொண்டுவந்தது. சில ஆண்டுகள் கழித்து, கையில் இருக்கும் .45இன் மேல்பாகத்தையும் குழலையும் தோட்டாக்கூட்டையும் மட்டும் மாற்றி .22 ஆக்கிக்கொள்ளும் தனிச் செட்டும் விற்றது. கைப்பிடி அதே, விசை அதே, கனமும் ஏறத்தாழ அதே. செலவுதான் வேறு.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. .22இல் உதையே இல்லாததால், அதில் மட்டும் பழகியவன் .45ஐ எடுத்ததும் மிரண்டான். இதற்கு வழி கண்டவர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். கள்ளச்சாராயத் தகராறில் போலீஸ்காரர் ஒருவர் இறந்த வழக்கில் சிறைக்குப் போய், சிறைப் பட்டறையிலேயே துப்பாக்கி நுட்பங்களை யோசித்தவர். அந்த மனிதரைப் பற்றி 1952இல் ஹாலிவுட் படமே எடுத்தது. தோட்டா உட்காரும் அறையைத் தனித் துண்டாக்கி, வெடித்ததும் அது பின்னால் நகர்ந்து மேல்பாகத்தை உதைக்கும்படி அவர் அமைத்தார். குண்டு சின்னது, செலவு சின்னது, உதை மட்டும் பெரியது. சிக்கனமாகப் பழகவேண்டும், பயமும் பழகவேண்டும் என்றால் வேறு வழியில்லை.

போட்டிக்காரர்கள் இந்த யோசனையை இன்னும் சீராக்கிக்கொண்டார்கள். 25 மீட்டரில் சென்டர் ஃபயர் போட்டிக்குப் பெரும்பாலும் .32 தோட்டா, ஸ்டாண்டர்டு பிஸ்டல் போட்டிக்கு .22. வால்தர் ஜி.எஸ்.பி. போன்ற போட்டிப் பிஸ்டல்களில் ஒரே அடிப்பாகத்தில் இரண்டு மேல்பாகங்களையும் மாற்றி மாற்றிப் பொருத்தலாம். வாரம் முழுக்க .22இல் பழகி, போட்டி நெருங்கும்போது .32க்கு மாறுவார்கள்.

நம் ஊரில் இதை நினைத்தவுடன் செய்துவிட முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, குழலைக் குட்டையாக்கவும் பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக்கவும் உரிமம் கேட்டது. 2019 திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதற்கும் உரிமம் வேண்டும் என்று சேர்த்தது. உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண்ணும் காலிபரும் எழுதியிருக்கும். அதில் இல்லாத தோட்டாவைக் கடையில் கேட்கவே முடியாது. மாவட்டத்தில் இதற்கு அதிகாரி ஆட்சியர். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். அமெரிக்காவில் தபாலில் வரவழைக்கும் மாற்றுச் செட், இங்கே ஆட்சியர் அலுவலகக் கோப்பு. இது சரிதான் என்பது என் எண்ணம். உரிமத்தில் ஒன்று, கையில் வேறொன்று என்று ஆரம்பித்தால் கணக்குக்கு முடிவே இல்லை.

இவ்வளவு சட்டமும் தெரியாமல், ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் தோட்டா உருட்டிக்கொண்டிருந்தது எங்கள் பக்கம். பொம்மைத் துப்பாக்கியின் தோட்டாவைத்தான் சொல்கிறேன்.

தீபாவளித் துப்பாக்கி அன்று தகரம். கறுப்பு வர்ணம் அடித்து, மூக்கு வளைந்து, விசையில் விரல் வைத்தால் கையில் துரு ஒட்டும். அதற்குள் சிவப்புக் காகிதச் சுருள் கேப்பை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் சுருள் ஒரு பொட்டு நகரும், சுத்தியல் அதன்மேல் விழும். நகர்ந்தால்தானே? பாதி நேரம் சுருள் சிக்கும், சுத்தியல் வெறுங்காகிதத்தில் விழும். பொறுமை போன பையன் துப்பாக்கியை எறிந்துவிட்டுச் சுருளைத் திண்ணையில் விரித்துக் கருங்கல்லால் அடிப்பான். துப்பாக்கி வாங்கக் காசில்லாதவனுக்கு இரண்டு போல்ட்டும் ஒரு நட்டும் இருந்தன. நடுவில் பொட்டுக் கேப்பை வைத்து முடுக்கி, மேலே தூக்கி எறிந்தால் தரையில் விழுந்து வெடிக்கும். சைக்கிள் கடைக்காரர் தன் போல்ட்டுகளை எண்ணி வைத்துக்கொள்ளும் மாதம் ஐப்பசி.

இன்று துப்பாக்கி பிளாஸ்டிக். சுருள் ஓரத்துக்குப் போய், எட்டுப் பொட்டு உள்ள பிளாஸ்டிக் வளையம் வந்துவிட்டது. ரிவால்வர் மாதிரியே சுழலும். அவ்வளவாகச் சிக்காது. தோட்டா மாறியதும் துப்பாக்கியும் அதற்கேற்ப மாறிவிட்டது. தகரத் துப்பாக்கி வைத்திருந்தவன் அதைப் பரணில் போட வேண்டியதுதான். வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளம் உச்சிமேட்டில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டியதில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் கிடைத்தன. விளையாட்டுச் சாமானும் அதன் மோஸ்தரும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

கேப்பின் இந்தப் பொட்டை ஆட்சியாளர்களும் மறக்கவில்லை. 1992 ஜனவரியில் மத்திய அரசு, குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிமருந்தைத் தடைசெய்தது. பட்டாசுத் தொழிலில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்று அது. அந்த அறிவிப்பு விட்டுவைத்தவை மூன்றே மூன்று: ஆராய்ச்சிக்கான சிறு அளவு, தீக்குச்சியின் தலை, பொம்மைத் துப்பாக்கியின் காகிதக் கேப். உராய்ந்தாலே சினக்கும் மருந்து, குழந்தை கையில் போகும் அளவுக்குச் சிறிதாகிவிட்டால் மன்னிப்பு உண்டு. அதைச் செய்யும் கைகளுக்கு இந்த மன்னிப்பு இல்லை. ஒரு பொட்டு பையனை மகிழ்விக்கும், ஒரு தட்டு நிறையப் பொட்டு கொட்டகையைத் தூக்கிவிடும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளம் பட்டாசு ஆலை விபத்தில் பலர் இறந்தார்கள். மூன்றே ஆண்டில், 2024 பிப்ரவரி 17 அன்று, வெம்பக்கோட்டை அருகே இன்னொரு ஆலையில் 10 பேர் போனார்கள். இந்த வட்டாரத்தில் மருந்தைப் பற்றி எதை எழுதினாலும் இதைத் தாண்டிப் போகமுடியாது.

கல்லூரிக்குப் போகாதவனுக்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுத்தது திருவிழா. ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயில், பங்குனியில் விருதுநகர் பொங்கல் பொருட்காட்சி. பலகையில் வரிசையாக பலூன், நீள ஏர்கன், ஒரு டப்பாவில் ஈய ரவை. குழலை மடக்கி ரவையை வைத்து நிமிர்த்தினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். குறிமுள் பெரும்பாலும் கோணல். நேராகப் பார்த்துச் சுட்டவன் தோற்பான், இரண்டு சுட்டதும் கோணலைக் கணக்கில் எடுத்தவன் ஜெயிப்பான். கடைக்காரரும் அதை அறிவார். மூன்றாவது சுற்றுக்குத் துப்பாக்கியை மாற்றிக் கொடுத்துவிடுவார். கேலிக்குச் சொல்லவில்லை, குறிமுள்ளின் பிழையைக் கண்டு அதற்கு எதிராகப் பிடிப்பது துப்பாக்கிப் பயிற்சியின் பாதிப் பாடம்.

அந்தப் பலூன் கடைத் துப்பாக்கியின் ரவை .177, அதாவது 4.5 மில்லிமீட்டர். இன்று ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டியில் சுடுவதும் அதே அளவு ரவைதான். பாரிஸ் 2024இல் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும், பெய்ஜிங் 2008இல் அபினவ் பிந்த்ராவின் தங்கமும் இந்தச் சின்ன ஈயத்தில் வந்தவை. கடலூரில் பிறந்து இரண்டு ஒலிம்பிக் போன இளவேனில் வாலறிவனும் சுடுவது இதைத்தான். வெடிமருந்து ஒரு துளிகூட இல்லை. அடைத்து வைத்த காற்று தள்ளுகிறது, அவ்வளவே. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் போட்டி .22இல் நடந்தது. அது இன்னும் இருக்கிறது. ஆனால் 50 மீட்டர் பிஸ்டலை ரியோ 2016க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் காற்றுத் துப்பாக்கிக் கலப்பு அணிப் போட்டி வந்தது. மருந்து மெல்ல மெல்லப் பின்வாங்குகிறது.

பழைய ஆட்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. சத்தமில்லை, வாசனையில்லை, உதையில்லை, இதுவும் ஒரு துப்பாக்கியா என்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மை. உதைக்கும் துப்பாக்கியைப் பிடிக்கும் மனம் வேறு. அதைக் காற்று கற்றுத்தராது. ஆனால் உதை இல்லாததால் ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. பத்து மீட்டரில் பிஸ்டல் அட்டையின் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர். ஒற்றைக் கையில், நின்றபடி, அறுபது ரவை. விசை இழுக்கும் விரல் கொஞ்சம் அவசரப்பட்டாலும் அட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

செலவும் அப்படியே இறங்கிவந்திருக்கிறது. ஒரு .32 தோட்டாவின் விலைக்குப் பல .22 வரும், ஒரு .22இன் விலைக்குப் பல ரவை வரும். அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது: ரவையே போடாமல் வெறும் விசையை இழுத்துப் பழகுவது. பெரிய வீரர்கள் வீட்டில் செய்வது இதைத்தான். குழலில் ஒரு சின்ன மின்கருவியை மாட்டினால் கை எப்படி ஆடியது என்பதைத் திரையில் கோடாகக் காட்டிவிடும். என்.சி.சி.யிலும் சிமுலேட்டர் வந்துவிட்டது. குழலை மாற்றி, தோட்டாவை மாற்றி, கடைசியில் தோட்டாவே வேண்டாம் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது சிக்கனம்.

துப்பாக்கியின் விலை இதற்கு நேர் எதிர். ரவை மலிவு, ஆனால் நல்ல போட்டிப் பிஸ்டல் லட்சத்தைத் தாண்டும். பட்டாசு ஆலையில் கூலிக்குப் போகும் வீட்டில் அதை வாங்கச் சொல்வது அபத்தம். ரைபிள் மன்றங்களும் மதுரை, கோவை, சென்னை என்று நகரங்களில்தான். வெம்பக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போய்ப் பழகித் திரும்பினால் பிள்ளையின் ஒரு நாள் படிப்பும் பெரியவர் ஒருவரின் ஒரு நாள் கூலியும் போகும்.

ஆனால் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும் துப்பாக்கி விளையாட்டு ஒன்று உண்டென்றால் அது காற்றுத் துப்பாக்கிதான். கண்ணுக்கெட்டிய தூரம் மருந்துக் கொட்டகைகள் இருக்கும் ஊரில் நெருப்புக் கக்கும் துப்பாக்கிக்குத் திடல் போடமுடியாது, போடவும் கூடாது. காற்றுத் துப்பாக்கியில் பொறியே இல்லை. 4.5 மில்லிமீட்டருக்குள், 20 ஜூல் ஆற்றலுக்குள் இருந்தால் ஆயுத உரிமமும் வேண்டாம். பத்து மீட்டர் என்பது முப்பத்துமூன்று அடி. இரண்டு வகுப்பறை நீளம் போதும். பின்னால் ரவையைத் தாங்கும் தகடு, நல்ல வெளிச்சம், கண்டிப்பான ஒரு பயிற்சியாளர்.

ஆகவே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், மாவட்ட நிர்வாகத்துக்கும், இந்த மண்ணில் மருந்தை வைத்துப் பணம் பார்த்த முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெம்பக்கோட்டை வட்டத்தில் ஏதாவது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்து மீட்டர் கொட்டகை ஒன்று போடுங்கள். இரண்டு பிஸ்டலும் இரண்டு ரைபிளும் பள்ளியின் பெயரில் வாங்கிப் பூட்டி வையுங்கள், பிள்ளைகள் முறை போட்டுச் சுடட்டும். ஓர் ஆலை தீபாவளிக்கு அடிக்கும் விளம்பரச் செலவுக்குள் இது அடங்கிவிடும்.